புறாவால் இணைப்பும் அதை வெட்டும் இயந்திரமும்

மேசையின் இழுப்பறையை இழுப்பதும் தள்ளுவதும் எல்லார் வீட்டிலும் நாள்தோறும் நடக்கும் சிறிய செயலாகும். மலாய்மொழியில் 'லாச்சி' எனப்படும் அந்த இழுப்பறையை ஒரு நாளில் 10 முறை இழுத்தால், ஓராண்டில் 3,650 முறை இழுத்ததாகிவிடும். பத்தாண்டில் அது 36,500 முறை ஆகும். ஒவ்வொரு முறையும் கை பற்றி இழுப்பது முன்பலகையை மட்டுமே. உள்ளே இருக்கும் புத்தகங்களின் சுமையோ அடிப்பலகையின் மீதும் பக்கப் பலகைகளின் மீதும் இருக்கிறது. எனவே, முன்பலகை மற்ற பலகைகளையும் அவற்றின் சுமையையும் சேர்த்து இழுத்து வர வேண்டும். அதற்கு முன்பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலை உறுதியாக இருக்க வேண்டும்.

ஆணி அடித்துச் சேர்த்த மூலை நெடுநாள் தாங்குவதில்லை. சில ஆண்டுகளில் ஆணி தளர்ந்து, முன்பலகை மட்டும் தனியே கையோடு வந்துவிடுவதுண்டு. ஆனால், நன்கு செய்யப்பட்ட பழைய அலமாரிகளில் ஆணி ஒன்றுகூட இல்லாத இழுப்பறைகள் தலைமுறைகள் கடந்தும் ஆடாமல் இருக்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்பது 'புறாவால் இணைப்பு' என்னும் மரவேலை நுட்பம்.

ஆணி ஏன் தளர்கிறது?

மரம் முழுவதும் ஒரே தன்மையுடைய பொருளன்று. நுண்ணிய நார்கள் நீளவாக்கில் நெருக்கமாக அடுக்கப்பட்டு மரம் உருவாகியுள்ளது. அதை ஓர் ஈர்க்குத் துடைப்பக் கட்டுக்கு ஒப்பிடலாம். கட்டின் பக்கவாட்டில் ஒரு கம்பியைச் செருகினால் ஈர்க்குகள் அதை இறுகப் பிடிக்கும். கட்டின் முனையில், ஈர்க்குகளுக்கு இணையாகக் கம்பியைச் செருகினால் அது எளிதாக வழுக்கி வெளியே வந்துவிடும்.

இழுப்பறையின் முன்பலகை வழியாக அடிக்கப்படும் ஆணி, பக்கப் பலகையின் முனையில் நார்களுக்கு இணையாகவே இறங்குகிறது. அதனால் அதன் பிடி குறைவு. பசை தடவினாலும் அதே குறைதான். பலகையின் முனை, அறுக்கப்பட்ட நார்களின் வாய்களால் ஆனது. அது பசையை உறிஞ்சிக்கொள்ளும்; வலுவாக ஒட்டாது. நார்களின் பக்கவாட்டு முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் பசை நன்றாகப் பிடிக்கும்.

புறாவின் வால் தந்த வடிவம்

இரண்டு கைகளின் விரல்களைக் கோத்துப் பிடித்தால் கைகள் ஒருவாறு சேர்ந்திருக்கும். ஆயினும், நேராக இழுத்தால் விரல்கள் விலகிவிடும். விரல்கள் அடியில் குறுகியும் நுனியில் அகன்றும் இருந்தால் என்னவாகும்? எவ்வளவு இழுத்தாலும் அவை பிரியா. புறாவால் இணைப்பின் அடிப்படை இதுவே.

பக்கப் பலகையின் முனையில் விசிறிபோல் விரிந்த துண்டுகள் வெட்டப்படுகின்றன. அவை விரித்த புறாவின் வாலைப்போல் தோன்றுவதால் 'வால்' எனப்படுகின்றன. முன்பலகையில் அந்த வால்கள் சரியாகப் பொருந்தும் குழிகள் வெட்டப்படுகின்றன. குழிகளுக்கு இடையே எஞ்சி நிற்கும் மரம் 'முளை' எனப்படும். வால்களைக் குழிகளில் இறக்கியபின், இழுப்பறையை முன்னோக்கி இழுக்கும்போது வாலின் சாய்ந்த பக்கங்கள் முளைகளை நெருக்குகின்றன. இழுக்கும் விசையே இணைப்பை இறுக்கிப் பிடிக்கிறது. வாலின் பக்கங்களும் முளையின் பக்கங்களும் நார்களின் பக்கவாட்டு முகங்கள் என்பதால் பசையும் அங்கே நன்றாகப் பிடிக்கிறது.

சாய்வின் அளவும் முக்கியமானது. கைவினைத் தச்சர்கள் மென்மரத்திற்கு 6க்கு 1 என்னும் சாய்வையும் வன்மரத்திற்கு 8க்கு 1 என்னும் சாய்வையும் கொள்வது வழக்கம். கோண அளவில் இவை முறையே ஏறத்தாழ 9.5 பாகையும் 7 பாகையும் ஆகும். சாய்வு மிகக் குறைந்தால் வால் நழுவிவிடும். சாய்வு மிகுந்தால் வாலின் கூரிய மூலைகள் நார் வழியே உடைந்து விழும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அளவைத் தச்சர்கள் பல தலைமுறைப் பட்டறிவால் கண்டறிந்தனர்.

இத்தகைய அறிவு எந்த ஓர் இனத்திற்கும் தனியுரிமையானது அன்று. பழங்கால எகிப்தியரின் மரப்பொருள்களிலும் புறாவால் இணைப்பு காணப்படுகிறது. மலாய் மக்களின் பாரம்பரிய மர வீடுகளும் ஆணியின்றி, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இணைப்புகளால் கட்டப்பட்டன. கோலாலம்பூரின் செந்தூலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட தொடர்வண்டிப் பணிமனையிலும் மரவேலை அறிவு பெரிதும் தேவைப்பட்டது. அக்காலத்துப் பயணிகள் பெட்டிகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குடியிருந்த தொடர்வண்டித்துறைப் பணியாளர்களுள் தமிழர் பலர் இருந்தனர்.

கையால் வெட்டுவதன் அருமை

புறாவால் இணைப்பைக் கையால் வெட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஓர் இழுப்பறைக்கு நான்கு மூலைகள் உண்டு. ஒரு மூலைக்கு 5 வால்கள் என்றால் மொத்தம் 20 வால்கள். ஒவ்வொரு வாலுக்கும் இரண்டு சாய்வு வெட்டுகள் வேண்டும். ஆக, வால்களுக்கு 40 வெட்டுகளும் அவை பொருந்தும் குழிகளுக்கு 40 வெட்டுகளும் தேவைப்படும். வெட்டிய பின்னர், இடையிலுள்ள மரத்தை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செதுக்கி எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு வெட்டிலும் இரம்பம் கோட்டின் மீது செல்லாமல், நீக்க வேண்டிய மரத்தின் பக்கமாகவே செல்ல வேண்டும். கோட்டைத் தின்றுவிட்டால் இடைவெளி விழும். குறைவாக வெட்டினால் தட்டிப் பொருத்தும்போது பலகை பிளக்கும். இதைச் செய்யும் கைத்திறன் வரப் பல ஆண்டுகள் ஆகும். அலமாரிகளுக்கான தேவை பெருகியபோது, இந்த ஒரு வேலையே தொழிற்சாலைகளுக்குப் பெருந்தடையாக நின்றது. பலகையை அறுக்கவும் இழைக்கவும் இயந்திரங்கள் வந்த பிறகும் இழுப்பறையின் மூலை மட்டும் தச்சரின் கையை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

பிறையும் புள்ளியும்

இச்சிக்கலுக்கு அமெரிக்காவில் ஒரு வழி பிறந்தது. 1867ஆம் ஆண்டு சார்லஸ் நாப் என்பவர் இழுப்பறை மூலைகளை வெட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய இயந்திரம் புறாவின் வாலை வெட்டவில்லை. சுழலும் முனையால் சாய்ந்த பக்கங்களை வெட்டுவது கடினம். வட்டங்களை வெட்டுவது எளிது. ஆகவே, அவர் வடிவத்தையே மாற்றினார். ஒரு பலகையில் அரைவட்ட வடிவில் வளைந்த விளிம்பும், ஒவ்வோர் அரைவட்டத்தின் நடுவிலும் ஒரு துளையும் அமைந்தன. மற்றொரு பலகையில் அதற்கேற்ற வளைவும் உருளை வடிவ முளையும் அமைந்தன. பக்கவாட்டில் பார்த்தால் பிறை நிலவின் நடுவே ஒரு புள்ளி வைத்ததுபோல் அது தோன்றும்.

திறமையான தச்சர் ஒருவர் கையால் ஒரு நாளில் 15 முதல் 20 இழுப்பறைகள் செய்த காலத்தில், அந்த இயந்திரம் 200க்கும் மேற்பட்டவற்றைச் செய்தது எனக் கூறப்படுகிறது. ஏறத்தாழ 1900ஆம் ஆண்டுவரை அது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பயன்பட்டது. பின்னர், உண்மையான புறாவால் வடிவத்தையே வெட்டக்கூடிய இயந்திரங்கள் பரவியதும் பிறையும் புள்ளியும் வழக்கொழிந்தன. இன்று ஒரு பழைய அலமாரியில் அவ்வடிவத்தைக் கண்டால், அது எக்காலத்தைச் சேர்ந்தது என்பதை வல்லுநர்கள் எளிதில் ஊகித்துவிடுகின்றனர்.

இயந்திரம் வேலை செய்யும் முறை

புறாவால் வெட்டும் இயந்திரத்தின் உயிர்ப்பகுதி அதன் வெட்டுமுனை. சாதாரணத் துளையிடும் ஊசி மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக இருக்கும். புறாவால் வெட்டுமுனையோ கழுத்தில் குறுகியும் நுனியில் அகன்றும் இருக்கும். கவிழ்த்து வைத்த புனலைப்போன்ற தோற்றம் அதற்கு உண்டு. நிமிடத்திற்கு ஏறத்தாழ 20,000 முறை சுழன்று மரத்திற்குள் செல்லும்போது, அது தன் வடிவத்தையே மரத்தில் பதித்துச் செல்கிறது. வாய் குறுகி, அடி அகன்ற பள்ளம் உருவாகிறது.

அடுத்த முக்கியமான உறுப்பு சீப்புத் தகடு. சம இடைவெளியில் பற்களைக் கொண்ட இத்தகடு, பலகைகளின் மேல் பொருத்தப்படும். வெட்டுமுனையைச் சுற்றியுள்ள வளையம் சீப்பின் பற்களை ஒட்டிச் செல்வதால், வெட்டுமுனை தன் வழியிலிருந்து விலகாது. பக்கப் பலகை செங்குத்தாகவும் முன்பலகை கிடைமட்டமாகவும் இறுக்கிப் பிடிக்கப்படுகின்றன. வால்கள் குழிகளுக்கு நேராக வருவதற்காக ஒரு பலகை மற்றதிலிருந்து அரை இடைவெளி தள்ளி வைக்கப்படுகிறது. வெட்டுமுனை ஒருமுறை சீப்பின் வழியே சென்று வந்தால் போதும். வால்களும் குழிகளும் ஒரே வேளையில் உருவாகிவிடும்.

சிறிய பட்டறைகளில் இந்த வேலை கையால் நகர்த்தப்படும் ரவுட்டர் கொண்டு செய்யப்படுகிறது. பெரிய தொழிற்சாலைகளில் வரிசையாகப் பல வெட்டுமுனைகள் கொண்ட இயந்திரங்களும் கணினியால் இயங்கும் இயந்திரங்களும் உள்ளன. கணினி இயந்திரத்தில் பலகையின் தடிப்பு, அகலம், வால்களின் இடைவெளி ஆகிய அளவுகளைப் பதிவு செய்தால், வெட்டுமுனை தானே நகர்ந்து வெட்டும்.

இறுக்கமும் தளர்வும்

இயந்திரத்தை இயக்குபவர் கற்க வேண்டிய முதல் பாடம் வெட்டின் ஆழம். வெட்டிய இணைப்பு தளர்வாக இருந்தால் என்ன செய்வது? வெட்டுமுனையை இன்னும் சற்று ஆழமாக இறக்க வேண்டும். இணைப்பு மிகவும் இறுக்கமாக இருந்தால் வெட்டுமுனையைச் சற்று மேலே உயர்த்த வேண்டும். முதலில் கேட்பவருக்கு இது முரணாகத் தோன்றும். ஆழமாக வெட்டினால் அதிக மரம் நீங்கி இணைப்பு மேலும் தளர வேண்டுமல்லவா?

விடை வெட்டுமுனையின் வடிவத்தில் உள்ளது. வெட்டுமுனை ஆழமாக இறங்கும்போது, பலகையின் மேற்பரப்பில் இருப்பது அதன் குறுகிய கழுத்துப் பகுதி. ஆகவே, பள்ளத்தின் வாய் குறுகுகிறது. இரண்டு பள்ளங்களுக்கு இடையே எஞ்சும் வாலின் நுனி அகலமாகிறது. ஆனால், அந்த நுனி சென்று பொருந்த வேண்டிய குழியின் அடி அகலம் மாறவில்லை. அதைத் தீர்மானிப்பது வெட்டுமுனையின் நுனி அகலமே. அகன்ற வால் அதே குழிக்குள் நுழைய வேண்டியிருப்பதால் இணைப்பு இறுகுகிறது.

இந்தக் காரணத்தை அறிந்தவர் இரண்டு மூன்று சோதனை வெட்டுகளிலேயே சரியான ஆழத்தைக் கண்டுகொள்வார். அறியாதவர் நாள் முழுவதும் பலகைகளை வீணாக்குவார். சோதனைக்குக் கழிவுப் பலகையைப் பயன்படுத்துவதும், அது உண்மையான பலகையின் அதே தடிப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் நல்ல பழக்கங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிதல், பலகையை இறுகப் பூட்டுதல், வெட்டுமுனை முற்றாக நிற்கும்வரை கையை அருகில் கொண்டு செல்லாதிருத்தல் ஆகியவை மீறக்கூடாத விதிகள்.

விறகாக இருந்த மரம்

மலேசியாவில் இத்தகைய இயந்திரங்களுக்குச் செல்லும் பலகைகளுள் பெரும்பகுதி ரப்பர் மரத்திலிருந்து கிடைக்கிறது. 1877ஆம் ஆண்டு இப்பகுதிக்குக் கொண்டு வரப்பட்ட ரப்பர் கன்றுகள், பிற்காலத்தில் நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றின. கிள்ளான் வட்டாரத்திலும் மற்ற இடங்களிலும் எழுந்த தோட்டங்களில் விடியற்காலையில் எழுந்து பால்மரம் சீவியவர்களுள் பெரும்பாலோர் தமிழர்.

ரப்பர் மரம் 25 முதல் 30 ஆண்டுகளில் போதிய பால் தருவதை நிறுத்திவிடும். பிறகு அதை வெட்டிவிட்டு மறுநடவு செய்வர். வெட்டிய மரத்திற்கு நெடுங்காலம் மதிப்பே இல்லை. அது விறகாக எரிந்தது; ரப்பர் தாள்களைப் புகையூட்டும் கூடங்களிலும் பயன்பட்டது. 1960களில் பிறையில் தொடங்கப்பட்ட எஃகு ஆலை, ரப்பர் மரக் கரியைக் கொண்டு இரும்பை உருக்கியது.

இம்மரத்தைத் தளவாடப் பொருள்களுக்குப் பயன்படுத்த முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை படியும். வண்டுகள் துளைத்துப் பொடியாக்கிவிடும். மரத்தை விரைந்து அறுத்து, போரான் சேர்மங்களை அதனுள் செலுத்தி, சூளையில் உலர்த்தினால் இக்குறைகள் நீங்கும் என்பது ஆய்வுகளால் தெரியவந்தது. ஈயம் தோண்டி வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் 1929ஆம் ஆண்டு கெப்போங்கில் தொடங்கப்பட்ட வன ஆய்வு நிலையம், ரப்பர் மரத்தைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பங்கு ஆற்றியது. இன்று அது மலேசிய வன ஆய்வுக் கழகம் என்று விளங்குகிறது.

அதன் பயனாக, அடுப்பில் எரிந்த மரம் அலமாரியாகவும் கட்டிலாகவும் மேசையாகவும் மாறியது. ஜொகூரிலுள்ள மூவார் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். சிலாங்கூரில் சுங்கை பூலோ, கிள்ளான் முதலிய வட்டாரங்களிலும் தளவாடத் தொழிற்சாலைகள் உள்ளன. செய்து முடித்த பொருள்கள் கிள்ளான் துறைமுகம் போன்ற துறைமுகங்களிலிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றன.

இயந்திரம் அறியாதது

உலர்த்துதல் பூச்சியைத் தடுப்பதற்கு மட்டுமன்று. மரம் ஈரத்தை உறிஞ்சினால் விரியும். ஈரத்தை இழந்தால் சுருங்கும். நார்களின் நீளவாக்கில் இம்மாற்றம் மிகக் குறைவு. குறுக்குவாக்கில் அது அதிகம். ரப்பர் பலகைகள் பொதுவாக 8 முதல் 12 விழுக்காடு ஈரப்பதத்திற்கு உலர்த்தப்படுகின்றன. நன்கு உலராத பலகையில் இயந்திரம் எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் பயனில்லை. கிள்ளானின் ஈரக்காற்றில் கச்சிதமாகப் பொருந்திய வால், குளிர்நாட்டு வீடொன்றின் உலர்ந்த அறையில் சுருங்கித் தளர்ந்துவிடும்.

இதை இயந்திரம் அறியாது. பலகை ஈரமாக உள்ளதா, நார் வளைந்து ஓடுகிறதா, வெட்டுமுனை மழுங்கிவிட்டதா என்பனவற்றை அறிந்து முடிவெடுப்பவர் மனிதரே. மழுங்கிய முனை நாரை வெட்டாமல் பிய்த்துவிடும். அப்போது எழும் ஒலியின் மாற்றத்தையும் மரத்தூளின் கருகல் மணத்தையும் கொண்டே அனுபவமுள்ளவர் குறையைக் கண்டுபிடித்துவிடுவார்.

கையால் வெட்டும் தச்சர் ஒரு மூலையில் தவறினால் கெடுவது ஒரு மூலைதான். அடுத்த மூலையில் அவர் திருத்திக்கொள்வார். இயந்திரமோ சரியானதைப் போலவே தவறையும் சலிப்பின்றித் திரும்பச் செய்யும். காலையில் அரை மில்லிமீட்டர் பிசகாக வைத்த அளவு, மாலைக்குள் நூற்றுக்கணக்கான இழுப்பறைகளைக் கெடுத்துவிடும். ஆகவே, இயந்திரம் வந்ததால் திறமையின் தேவை மறைந்துவிடவில்லை. முன்பு உளியைப் பிடித்த கையில் இருந்த திறமை, இப்போது அளவைத் தீர்மானிக்கும் அறிவில் இருக்கிறது.

ஒரு மேசையின் இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து அதன் மூலையைப் பார்த்தால் இவை யாவும் கண்ணுக்குத் தெரியும். வால்கள் ஒரே அளவிலும் சம இடைவெளியிலும் இருந்தால், அது பெரும்பாலும் இயந்திரம் வெட்டியது. முளைகள் மிக மெலிந்தும் இடைவெளிகள் சற்று மாறியும், வால்களின் அடியில் கீறிய கோடு ஒன்று தெரிந்தும் இருந்தால், அது கையால் வெட்டியதாக இருக்கலாம். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் ஆர்வமுள்ள மாணவருக்கு அந்த மூலை ஒரு நல்ல பாடம்.

தோட்டங்களில் ஒரு தலைமுறை தமிழர், மரத்தின் பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். குறைந்தால் பால் வடியாது. அதே மரத்தின் பலகையில் புறாவால் வெட்டும் இயந்திரத்தை இயக்கும் இன்றைய இளைஞரும் ஆழத்தைத்தான் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கருவி மாறியிருக்கிறது; ஆழத்தைச் சரியாக அறியும் பொறுப்பு மாறவில்லை.